இடுப்பளவுக் கல்

தெருமுனையில் ஜேசிபி வந்து நின்றபோது ஜோஸ்வின் காகித டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பந்தலுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்களுக்கு நடுவில் அவை சிதறிக் கிடந்தன. சிலவற்றில் காபி மிச்சம் இருந்தது. மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினான்.

"குடுடா அத. இன்னிக்கு நீ செய்யற வேலையா இது?"

உறவுக்காரர் ஒருவர் பிடுங்கிக்கொண்டு போனார். கை காலியானது. அந்தக் கையை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவி ஜெசி இருந்திருந்தால் பந்தல் போட்டதுமே வாசலில் ஒரு குப்பைக் கூடை வைத்திருப்பாள். அவள் உள்ளே பிரீசர் பெட்டியில் இருந்தாள்.

முந்தாநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, பிறப்பிலிருந்தே இருந்த பலவீனமாக இருக்கலாம் என்றார்கள். முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நேற்று மாலை இல்லை என்று சொன்னார்கள். ஜோஸ்வின் இன்னும் அழவில்லை. அழ வேண்டும் என்பது பாதியில் விட்ட வேலை போல நினைவில் இருந்தது.

ஜேசிபிக்குப் பின்னால் வந்த காரிலிருந்து கவுன்சிலர் சக்கரபாணி இறங்கினார். கையில் ரோஜா மாலை. உள்ளே போய்ப் பெட்டியின் மேல் வைத்தார். கண்ணாடிக்குள் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து ஜோஸ்வின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒருதரம் புல்லட்ட எடுத்துக்கினு லைன்மேட்டு மேல போய்ட்டேன் தம்பி. நான் கவுன்சிலரு, என்னை யாரு கேப்பான்னு. டீச்சர் குறுக்க வந்து நின்னுச்சி. வண்டிய ஆஃப் பண்ணு சார்னு சொல்லிச்சி. சாவிய உருவிக்கிச்சி. வந்த வழியே தள்ளிக்கினு போங்கன்னுடுச்சி. தள்ளினேனே! வேர்த்து ஊத்துது. பின்னாலயே நடந்து வந்து, முனையில சாவியக் குடுத்துட்டு, தேங்க்ஸ் சார்னுது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சக்கரபாணியும் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு பாதையின் வாயில் கல் நட்டார்கள், காரும் லாரியும் நுழையாமல் இருக்க. பைக்கைத் தடுக்கக் கல்லால் முடியாது. அதற்கு ஜெசி இருந்தாள்.

லைன்மேடு என்பது ரயில் போன மேடு. மீட்டர்கேஜ் காலத்தில் திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து பிரிந்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிகளின் பின்பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டிகள் போன தடம். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். அப்புறம் அங்கே வேலிக்காத்தான் முட்செடி முளைத்தது. கோழிக்கடைக் கழிவு வந்தது. இருட்டினால் யாரும் போவதில்லை. ஜெசி வேலை பார்த்த பெண்கள் பள்ளி அந்தப் பக்கம், பிள்ளைகளின் வீடுகள் இந்தப் பக்கம். பள்ளியில் கொடுத்த சைக்கிளில் அவர்கள் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே மெயின் ரோட்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் ஜெசி, வீடு வந்த கையோடு, "அந்த மேட்டு மேல ஒரு பாதை போட்டா என்ன?" என்று கேட்டாள். கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான்.

அவள் பேச்சுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை. ரயில்வே ஆபீஸ், நகராட்சி, கலெக்டர் ஆபீஸ் என்று விடுமுறை நாளெல்லாம் நடந்தாள். விழுப்புரம் போகிற பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் தூங்குவான். அவள் தூங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஆள் சேர்த்து முள் வெட்டப் போவாள். இப்போது லைன்மேட்டில் இரண்டு பக்கமும் புங்க மரம். பழைய ஸ்லீப்பர் கட்டைகளே உட்காரும் பலகைகள். காலையில் சர்க்கரைக்காரர்கள் நடக்கிறார்கள். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட பெண்கள் நடக்கிறார்கள். முனையில் ஒருவர் கேப்பைக் கூழ் விற்கிறார். பள்ளி விடும் நேரத்தில் சைக்கிள்கள் வரிசையாக வரும், வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஜெசி பார்ப்பாள். எண்ணுவதில்லை. சும்மா பார்ப்பாள்.

சக்கரபாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜோஸ்வின் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்றேன், மறுக்கக்கூடாது. பாண்டியிலருந்து ரதம் சொல்லியிருக்கேன். நாலு பக்கமும் கண்ணாடி, மேல பூராவும் பூவு. சர்ச்சுலருந்து கல்லறை வரைக்கும் லைன்மேட்டு மேலயே போவுது. டீச்சர் போட்ட பாதையில டீச்சர் ரதத்துல போவணும். ஊரு பாக்கணும்."

"உள்ள போவாதுங்க. கல்லு இருக்குது."

"அதுக்குத்தான் ஜேசிபி. நடுக்கல்லு ஒண்ண எடுத்தா போதும், ரதம் நொழைஞ்சிடும். நாளைக்கே திருப்பி நட்டுடறேன். என் பொறுப்பு."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஜோஸ்வின் தலையை ஆட்டினான். எதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான் நேற்றிலிருந்து. பெட்டி எந்த மரத்தில் என்றதற்கும், எந்தப் புடவை என்றதற்கும்.

சக்கரபாணி எழுந்து ஜேசிபிக்காரனுக்குக் கை காட்டினார். வண்டி லைன்மேட்டு வாய்ப்பக்கம் நகர்ந்தது.

உள்ளே ஜெசியின் அப்பா இன்னாசிராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பிரம்மதேசத்திலிருந்து இரவோடு வந்தவர், இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. ஜோஸ்வின் அவருக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"என்னா வண்டி மாப்ள, சத்தம்?"

"கல்லை எடுக்கறாங்க மாமா. ரதம் போவணுமாம்."

இன்னாசிராஜ் பெட்டியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம போன் பண்ணிச்சி பாப்பா. மழை பேஞ்சுதா, மல்லாட்டை போட்டுட்டியான்னு ஒரு வார்த்த கேட்டுது. அப்பால பூரா கல்லுக் கதைதான். மண்டித் தெருப் பக்கம் யாரோ கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வண்டி உள்ள போவணும்னு ஒரு கல்லை எடுத்தாங்களாமே? ரெண்டு மணி நேரத்துக்குன்னு. அது இன்னும் ஓரமாத்தான் கெடக்குதாம். ஆட்டோ வருதாம், டிப்பர் வருதாம், பொண்ணுங்க பயப்படுதுங்களாம். ஒரு கல்லுக்கு இவ்ளோ பேஜாராப்பான்னு கேட்டுது. நான் என்னா சொல்றது? நமக்கு மல்லாட்டைதான் தெரியும். சரி வுடும்மான்னேன்." கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார். "வுடும்மான்னேன்."

ஜோஸ்வினின் அம்மா அமலோற்பவமேரி பெட்டியின் தலைமாட்டில் ஜெபமாலையோடு இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அவள் பேசியது அவனிடம்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எடுக்கட்டும்டா. வேரோட எடுக்கட்டும். அந்தக் கல்லுதான் எம்மருமவளக் கூட்டிக்கினு போச்சி. அன்னைக்கே தலையால அடிச்சிக்கினேன். உசுரோட இருக்கறவ அப்படிப் படுக்கலாமா? நாலு பேரு தோள்ல போவலாமா? மாதாவே, யாராவது கேட்டீங்களா நான் சொன்னத?"

அன்றைக்கு நடந்தது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

கல் நட்ட மறுநாள் அது. லைன்மேட்டு ஓரத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து ஜெசியை மறித்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் பச்சைமுத்து. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்தப் பக்கத்துச் சுடுகாடும் கல்லறைத் தோட்டமும் லைன்மேட்டின் மறுமுனையில் இருந்தன. முள் இருந்த காலத்திலும் அவர்கள் பிணம் கொண்டுபோனது அந்த மேட்டின் வழியாகத்தான்.

"ஏம்மா டீச்சர்," என்றார் பச்சைமுத்து. "நடக்கறவனுக்குப் பாதை போட்டுட்ட. சைக்கிள்காரனுக்குப் போட்டுட்ட. செத்தவன் எந்தப் பக்கமா போவான், அதச் சொல்லு."

"இந்தப் பக்கமாத்தாண்ணா."

"எப்படி? கல்லு மேல ஏறிக் குதிச்சா?"

கூட்டம் சிரித்தது. ஜெசியும் சிரித்தாள்.

"தோள்லதானே தூக்கறீங்க? ரெண்டு பேரு கல்லுக்கு இந்தாண்ட, ரெண்டு பேரு அந்தாண்ட. பாடை கல்லுக்கு மேல போவும்."

"வாயில போவும். தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"சரி, தூக்குங்க."

பள்ளியிலிருந்து ஒரு பெஞ்சு வந்தது. அதன்மேல் மல்லாட்டை மூட்டை வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பச்சைமுத்து கையை வீசி மறுத்தார். "மூட்டை நான் தெனம் தூக்கறேன். மூட்டைக்குக் கால நீட்டத் தெரியுமா?"

ஜெசி செருப்பைக் கழற்றினாள். பெஞ்சில் ஏறிப் படுத்தாள். புடவையைக் கணுக்காலோடு சுற்றிக் கால்களை நீட்டினாள். "டீச்சர், எந்திரிங்க, தப்பு," என்றார் பச்சைமுத்து. அவர் குரல் மாறிவிட்டது.

"ஒண்ணும் ஆவாது. ஜோஸ்வின், நீ இடது பக்கம் முன்னால வா."

பயமாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனாலும் வந்தான். வலது பக்கம் முன்னால் சக்கரபாணி. அப்போது அவர் கவுன்சிலராகி, புல்லட் தள்ளி, சமாதானமாகியிருந்தார். பின்னால் பச்சைமுத்துவும், கல் நட்ட கொத்தனார் ஆனந்தராஜும். தூக்கினார்கள். கல் அப்போது மார்பளவு இருந்தது. தாண்டும்போது பெஞ்சின் குறுக்குக் கட்டை அதில் இடித்தது. பெஞ்சு சாய்ந்தது. ஜெசி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"பாடைக்குக் கால் கெடையாது டீச்சர்!" என்று பின்னாலிருந்து கத்தினார் பச்சைமுத்து. "நீ பெஞ்சியக் கொண்டாந்து வச்சிக்கினு!"

"இருக்கட்டும். ஆனந்தண்ணா, இதை இடுப்பளவுக்குக் கொறைச்சிடுங்க. குள்ளமானவங்க தூக்கினாலும் இடிக்கக்கூடாது. எங்க ஊட்டுக்காரரு மாதிரி."

ஊரே சிரித்தது. ஆனந்தராஜ் அன்று மாலையே மூன்று கல்லையும் வெட்டிக் குறைத்தார். மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் அவள்தான் படுத்தாள். இந்த முறை தாண்டியது. கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த அமலோற்பவமேரி தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு அலறியது அப்போதுதான். அன்று இரவு வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தாள். ஜெசியின் தலையில் மட்டும் இரண்டு முறை தெளித்தாள்.

தை மாதம் பச்சைமுத்துவின் அப்பா அந்த வழியாகத்தான் போனார். எங்கேயும் இடிக்கவில்லை. அன்று மாலை பச்சைமுத்து ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். வைத்துவிட்டுப் போனார்.

வெளியே ஜேசிபியின் சத்தம் உயர்ந்தது. ஜோஸ்வின் எழுந்தான்.

"எங்கடா போற?" அம்மா கேட்டாள்.

ஜோஸ்வின் வாசலிறங்கி நடந்தான்.

லைன்மேட்டு வாயில் மூன்று கற்கள். நடுக்கல்லின் கழுத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றி ஜேசிபியின் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். டிரைவர் மேலே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ரதம் தயாராக நின்றது. கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு பேர் செவ்வந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பச்சைமுத்து, தோளில் துண்டோடு, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜோஸ்வின் குனிந்தான். சங்கிலி இறுக்கமாக இருந்தது. ஒரு சுற்றைக் கழற்றினான். இன்னொன்றைக் கழற்றினான். காகித டம்ளர் பொறுக்கிய அதே கை. கிரீஸ் அப்பியது. கொக்கியை எடுத்துத் தரையில் வைத்தான். கல்லைச் சுற்றிச் சங்கிலி தேய்த்த இடத்தில் பெயிண்ட் போயிருந்தது.

"யோவ், யாருய்யா அது?" என்றான் டிரைவர்.

"வாய மூடு. ஊட்டுக்காரரு," என்றார் பச்சைமுத்து.

சக்கரபாணி வேகமாக வந்தார். "என்னா தம்பி? ஏன்?"

ஜோஸ்வின் நிமிர்ந்தான்.

"அன்னைக்குத் தூக்கினோம் இல்லிங்களா."

"எப்போ?"

"பெஞ்சில. நீங்க வலது பக்கம்."

சக்கரபாணி ரதத்தைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தன் வலது தோளை இடது கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"இப்ப ஷுகரு தம்பி. தாங்குமான்னு தெரியல."

"பின்னால நான் இருக்கறேன், தூக்கு சாமி," என்றார் பச்சைமுத்து. "ஆனந்தன கூப்புடறேன். பெரமண்டூருல வேலைக்குப் போயிருக்கறான். பைக்கில ஜல்தியா வந்துடுவான்."

"நாளைக்கே நட்டுடுவேன் தம்பி. சத்தியமா," என்றார் சக்கரபாணி மெதுவாக.

"தெரியுங்க. நீங்க நட்டுடுவீங்க." ஜோஸ்வின் அவரைப் பார்க்கவில்லை. "அப்பால யாராவது செத்துப்போவாங்க. டீச்சருக்கு மட்டும் எடுத்தீங்களேன்னு கேப்பாங்க."

சக்கரபாணி ஜேசிபி பக்கம் திரும்பினார்.

"பீடியத் தூக்கிப் போடுடா. மண்டித் தெரு தெரியுமில்ல? பின்னால லைன்மேட்டு ஓரத்துல ஒரு கல்லு சாஞ்சி கெடக்கும். போ. குழி தோண்டி நட்டுட்டு எனக்கு போன் பண்ணு. நட்டாத்தான் உனக்குக் கூலி."

"சாவுக்குன்னு சொன்னீங்க சார்?"

"சாவுக்குத்தாண்டா. போ."

வீட்டுக்குள் ஜோஸ்வின் வந்தபோது அம்மா தலையை உயர்த்தினாள். வண்டிச் சத்தம் தூரப் போவது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"நடந்து போறோம்மா. தோள்ல."

"அந்தக் கல்லு மேலயா?"

"ஆமா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிரீஸ் படிந்த கையைப் பார்த்தாள். ஜெபமாலையை விரலில் ஒரு மணி நகர்த்தினாள்.

"நீ ஒரு பக்கம் தூக்கறியா?"

"தூக்கறேன்."

"நேத்தியிலருந்து ஒண்ணும் சாப்புடல நீ." எழுந்துகொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுத் தூக்கு."

முந்தாநாள் மிச்ச மாவு இன்னும் அங்கே மூடி வைத்தபடி இருந்தது. அவள் அதை நகர்த்தாமல் பக்கத்து அடுப்பில் கஞ்சி வைத்தாள். அவன் நின்றுகொண்டே குடித்தான். இன்னொரு டம்ளரை அம்மா இன்னாசிராஜ் கையில் திணித்தாள். அவரும் குடித்தார்.

கோயிலில் பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணி அடித்தது. சாமியார் முன்னால் நடந்தார். சிலுவை பிடித்தவர் அவருக்கும் முன்னால். ஜோஸ்வின் இடது பக்கம் முன்னால். வலது பக்கம் சக்கரபாணி, செருப்பில்லாமல். பின்னால் பச்சைமுத்துவும் ஆனந்தராஜும். ஆனந்தராஜின் காலில் சிமென்ட் காயாமல் இருந்தது. ரதம் காலியாகப் பின்னால் கொஞ்ச தூரம் வந்து, மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

லைன்மேட்டு வாயில் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். காலையில் நடக்கிறவர்கள். அவர்களை எப்போதும் வியர்த்த சட்டையோடு பார்த்திருக்கிறான். இன்று வெளுத்த உடுப்பில் அடையாளம் தெரியவில்லை. கூழ்க்காரர் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

"மெதுவா," என்றது பச்சைமுத்துவின் குரல் பின்னாலிருந்து. மண்டியில் மூட்டை இறக்கும்போது கேட்கிற குரல். "கல்லு வருது. தம்பி, நீ இடதால ஒதுங்கு. சாரு, வலதால. இறக்காத. அப்படியே. அப்படியே போ. போ, போ."

ஜோஸ்வின் ஒதுங்கினான். கல் அவனுக்கும் சக்கரபாணிக்கும் நடுவில் வந்தது. கண்ணோரத்தில் அதன் வெட்டுப்பட்ட தலை தெரிந்தது. அதன் மேல் பெட்டி போனது. அன்றைக்கு இந்த இடத்தில் பெஞ்சு அவன் தோளில் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் அவள் குலுங்கியதுதான் பலகை வழியாக வந்து அவன் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. 'ஆடாத ஜெசி, விழுந்துடுவ' என்று சொன்னான்.

பெட்டி ஆடவில்லை. நேராகப் போனது.

"தாண்டிச்சி," என்றார் பச்சைமுத்து.

பாதை நீண்டு கிடந்தது. புங்க மரத்து நிழல் குறுக்கே விழுந்திருந்தது. சக்கரபாணியின் மூச்சு பக்கத்தில் கேட்டது. சட்டைப்பையில் அவர் போன் அடித்து நின்றது, ஜேசிபிக்காரனாக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

பின்னால் பள்ளிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜோஸ்வினால் திரும்பிப் பார்க்க முடியாது, தோளில் பெட்டி இருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒவ்வொரு சைக்கிளாக நுழைந்து வரும்போது சக்கரங்கள் எழுப்பும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று கேட்டது. அப்புறம் இன்னொன்று.